பற என்றால் பறக்கத்தானே செய்வான்

மாவட்டக் கல்வித் திட்ட அதிகாரி அவர்களுக்கும், கேரள எல்லையோரத் தமிழ்ப் பிள்ளைகளின் ஆட்டிசம் வகுப்பை நிறுத்தும் முடிவில் கையெழுத்திட்ட குழுவினருக்கும்,

மார்ச் மாதக் கடைசியில் எங்கள் மையத்தின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நான்கே வரி. தமிழில் நடந்துவந்த முன்பருவ வகுப்பு இந்த ஆண்டோடு நிற்கிறது, பிள்ளைகள் நகரத்து மையத்துக்கு மாற்றப்படுவார்கள், அங்கே பயிற்சி மலையாளத்தில் இருக்கும், பெற்றோர் ஒத்துழைக்க வேண்டும். தாள் மலையாளத்தில் இருந்தது. ஒன்பது பிள்ளைகளின் அம்மாக்களில் அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் மூன்று பேர். மற்ற ஆறு பேருக்கும் நான்தான் வாசித்துச் சொன்னேன். "அப்ப நீங்க வரமாட்டீங்களா டீச்சர்?" என்று மட்டும் கேட்டார்கள்.

அந்த வகுப்பில் எட்டு ஆண்டு ஒப்பந்தச் சிறப்பாசிரியையாக இருந்தவள் நான். இப்போது பொள்ளாச்சிப் பக்கம் வேறொரு பள்ளியில் சேர்ந்துவிட்டேன். எனவே இது வேலை கேட்டு எழுதும் மடல் இல்லை. ஜூன் மாதம் நகரத்து மையத்தில் என் கண்ணால் பார்த்த ஒன்று இன்னும் தொண்டையில் நிற்கிறது. அதனால் எழுதுகிறேன்.

அவனுக்கு நாலரை வயது. அப்பா தோப்பில் கள் இறக்குகிறவர். அம்மா கடலைக்காட்டுக்குக் கூலிக்குப் போவார். புது மையத்துக்குத் தனியாகப் போகப் பயந்து என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். இரண்டு பஸ் மாறிப் போனோம். உள்ளே பேச்சுப் பயிற்சி தரும் பெண் இருந்தார். சின்ன வயது, கனிந்த குரல், தரையில் சம்மணமிட்டு அவன் உயரத்துக்குக் குனிந்துதான் பேசினார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஒரு பூனைப் படத்தைக் காட்டி, "பற மோனே, பற" என்றார். சொல்லு மகனே, சொல்லு என்று அர்த்தம்.

பையன் எழுந்து நின்றான். இரண்டு கையையும் விரித்து மேலும் கீழும் அடித்தான். முகமெல்லாம் சிரிப்பு. அவர் மறுபடி "பற" என்றார். அவன் இன்னும் வேகமாக அடித்தான். மூன்றாவது முறை "பற" வந்தபோது அறையைச் சுற்றி ஓடவே ஆரம்பித்துவிட்டான்.

எங்கள் வகுப்பில் தினமும் காலையில் முதல் விளையாட்டு 'காக்கா பற'. நாம் எல்லோரும் சின்ன வயதில் விளையாடியதுதான். "காக்கா பற" என்றால் கையைத் தூக்க வேண்டும், "கிளி பற" என்றால் தூக்க வேண்டும், "ஆடு பற" என்றால் தூக்கக் கூடாது. ஒருவர் சொல்வதைக் கேட்பது, சொல்கிறவரின் முகத்தைப் பார்ப்பது, பக்கத்துப் பிள்ளை என்ன செய்கிறது என்று கவனிப்பது, மூன்றும் அந்த ஒரு விளையாட்டில் இருக்கிறது. ஆட்டிசம் உள்ள சிறு பிள்ளைக்கு மிகக் கடினமானவை இவைதான். முதல் மூன்று மாதம் அவன் மூலையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். நாலாம் மாதம் திரும்பினான். ஏழாம் மாதம் ஒரு நாள் "கிளி பற" என்றபோது கை விரிந்தது. அன்று அவன் அம்மா வகுப்பு வாசலில் உட்கார்ந்து அழுதார். (ஆட்டுக்கும் கை விரிப்பான், அது வேறு விஷயம். ஆடு பறக்காது என்று அவனை ஒப்புக்கொள்ள வைக்க என்னால் முடியவே இல்லை.)

நகரத்து மையத்தில் அன்று பதிவேட்டில் எழுதப்பட்டதை அவன் அம்மா எனக்குப் படம் எடுத்து அனுப்பினார். கட்டளைக்குப் பதில் இல்லை. கை உதறல் அதிகம். அறையில் நோக்கமின்றி ஓடுகிறான்.

ஐயா, அவன் மூன்று முறையும் பதில் சொன்னான். சொன்னதைத்தான் செய்தான்.

அதே அரை மணி நேரத்தில் நடந்த இன்னொன்று. நாலு படத்தைப் பரப்பி, "பட்டி எவிடே?" என்று கேட்டார்கள். மலையாளத்தில் பட்டி என்றால் நாய். அவன் வீட்டில் பட்டி என்றால் அம்மாவைப் பெற்ற அப்பிச்சி ஆடு அடைக்கிற இடம். படங்களைப் பார்க்காமல் ஜன்னல் வழியாக வெளியே எட்டிப் பார்த்தான். அதற்கும் ஒரு குறி விழுந்தது.

நம் நாட்டில் ஆட்டிசத்தை அளக்கும் அரசு அங்கீகாரம் பெற்ற அளவுகோலில் 40 கேள்விகள் இருப்பது உங்களுக்குத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70-ஐத் தொட்டால் ஆட்டிசம், 107-ஐத் தொட்டால் மிதமான நிலை, 153-க்கு மேல் போனால் கடுமையானது. இந்த 40-இல் 9 கேள்விகள் பேச்சும் தொடர்பும் சார்ந்தவை. பொருளற்ற சொற்களைச் சொல்கிறானா, கேட்டதையே திருப்பிச் சொல்கிறானா என்றெல்லாம் கேட்கும். தமிழ் தெரியாத ஒருவர் தமிழ்ப் பிள்ளைக்கு இந்த ஒன்பதையும் எப்படி நிரப்புவார்? புரியாத சொல் எல்லாம் பொருளற்ற சொல் ஆகிவிடாதா? அந்த எண் பிறகு சான்றிதழில் ஏறும், பள்ளிச் சேர்க்கையில் கூடவே வரும். அவன் என்ன கற்பான் என்று எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்க வேண்டாம் என்று அவனைப் பார்க்கும் முன்பே ஆசிரியர்கள் முடிவு செய்துவிடுவார்கள்.

'பொருளற்ற சொல்' என்று அவன் பதிவேட்டில் இன்னொரு பக்கத்திலும் இருக்கிறது. "போலாம் ரைட்" என்று அடிக்கடி சொல்கிறான் என்று எழுதியிருக்கிறார்கள். பொள்ளாச்சி பஸ்ஸில் கண்டக்டர் விசில் ஊதிச் சொல்வது. பையன் பஸ் பைத்தியம். வேலந்தாவளம், கோபாலபுரம் என்று நிறுத்தங்களை வரிசை மாறாமல் சொல்வான். எங்களிடம் "போலாம் ரைட்" என்றால் 'எனக்குப் போதும், இதை முடித்துவிடு' என்று பொருள். சத்தம் தாங்காதபோது சொல்வான், கை பிசுபிசுத்தால் சொல்வான். நாங்கள் அந்தச் சொல்லை மதித்து உடனே நிறுத்துவோம். நிறுத்துவார்கள் என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் அவன் கடிப்பதை விட்டான். ஆட்டிசத்தைப் பற்றித் தொடக்க காலத்திலேயே விரிவாக எழுதிய மனநல மருத்துவர் லியோ கேனர், 1943-இல் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய மூன்று ஆண்டு கழித்து, 1946-இல், சம்பந்தமில்லாமல் தோன்றும் இப்படிப்பட்ட பேச்சைப் பற்றியே தனிக் கட்டுரை எழுதினார். எதையாவது தூக்கி எறியத் தோன்றும்போதெல்லாம் 'நாயை மாடியிலிருந்து எறியாதே' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்ட ஒரு பையன் அதில் வருகிறான். எப்போதோ பொம்மை நாயை எறிந்தபோது அவன் அம்மா சொன்ன வார்த்தை அது. கூட இருந்தவருக்கே அதன் பொருள் தெரியும் என்கிறது அந்தக் கட்டுரை. எண்பது வருடம் ஆகிறது.

புது மையத்தில் "போலாம் ரைட்" என்றால் யாரும் நிறுத்துவதில்லை. ஜூலையில் மறுபடி கடிக்க ஆரம்பித்துவிட்டான்.

நீங்கள் சொல்லக்கூடிய பதில்கள் எனக்குத் தெரியும். ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டவைதான்.

முதலாவது, எண்ணிக்கை போதாது, ஒன்பது பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியரா என்பது. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தொடக்க நிலையில் சிறப்புத் தேவையுள்ள 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் என்று விகிதம் சொன்னது. மறு ஆண்டு மத்திய அரசும் அதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் சேர்த்தது. அது பள்ளிப் பிள்ளைகளுக்கான கணக்கு என்பீர்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு அதைவிடக் குறைவான கவனிப்பா போதும்? ஒன்பது என்பது ஒரு ஆசிரியரின் முழுப் பாரம். கழிப்பறைப் பழக்கம் வராதவர்கள் நாலு பேர், ஓடிவிடுகிறவர்கள் இரண்டு பேர் என்று கணக்கில் எடுத்தால் கூடுதல் பாரம்.

இரண்டாவது, எப்படியும் மலையாளம் படிக்கத்தானே போகிறார்கள் என்பது. படிக்கட்டும். நானே மலையாளத்தில்தான் சிறப்புக் கல்வி டிப்ளமா படித்தேன். அந்த மொழி எனக்குச் சோறு போட்டது. அதன்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆனால் பேச்சே இன்னும் முளைக்காத மூன்று வயதுப் பிள்ளைக்கு வாரம் இரண்டு மணி நேரம் ஒரு மொழியில் பயிற்சி கொடுத்து, மீதி நேரமெல்லாம் அவனோடு இருக்கிறவர்கள் வேறு மொழியில் பேசினால், கற்றதை அவன் எங்கே போய்ப் பயன்படுத்துவான்? வகுப்பில் வந்த சொல் வீட்டு அடுப்படியில் வேலை செய்ய வேண்டும். தண்ணீர் என்று கேட்டால் அம்மிச்சி சொம்பை நீட்ட வேண்டும். அவன் மலையாளத்தில் 'வெள்ளம்' என்று கேட்டால் அந்தக் கிழவி வாசலைத்தான் பார்ப்பாள்.

மூன்றாவதுதான் எனக்குத் தாங்காதது. "வீட்டிலும் மலையாளம் மட்டும் பேசுங்கள், இரண்டு மொழி குழப்பும்" என்று புது மையத்தில் அம்மாக்களிடம் வாய்மொழியாகச் சொல்லி அனுப்புகிறார்கள்.

இதே தவறை நான் செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், படித்து முடித்த திமிரில், ஒரு தாயிடம் இதையேதான் சொன்னேன். எந்தப் பள்ளியில் சேரப்போகிறானோ அந்த மொழியிலேயே பேசுங்கள் என்றேன். அவருக்கு மலையாளம் சந்தைக்குப் போதுமான அளவே தெரியும். டீச்சர் சொல்லிவிட்டாரே என்று அப்படியே செய்தார். அந்த வீட்டில் பேச்சு பத்துச் சொல்லாகச் சுருங்கியது. இரி, வா, கழிக்கு, மதி, வேண்டா: உட்கார், வா, சாப்பிடு, போதும், வேண்டாம். தூங்க வைக்கும் பாட்டு நின்றது. திட்டுவதுகூட நின்றது. எட்டு மாதம் கழித்து நான் வீட்டுக்குப் போனபோது, முன்பு 'ம்மா' என்றாவது இழுத்துக்கொண்டிருந்த பையன் அதையும் விட்டிருந்தான். அவர் என்னிடம் கோபப்படவில்லை. "எனக்குப் பேச வரல டீச்சர், அதான் பேசறதில்ல" என்றார். இன்றுவரை அந்த வீட்டுத் தெருவைக் கடக்கும்போது தலை குனிந்துதான் போகிறேன்.

பிறகுதான் தேடிப் படித்தேன். கனடாவில் ஆட்டிசம் உள்ள 75 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 2012-இல் வெளிவந்தது. இரண்டு மொழி புழங்கும் வீட்டுப் பிள்ளைகள் ஒரு மொழி வீட்டுப் பிள்ளைகளைவிடப் பேச்சில் கூடுதலாகப் பின்தங்கவில்லை. அதற்குப் பின் வந்த ஆய்வுகளும் அதே பக்கம்தான் நிற்கின்றன. தாய்க்கு வராத மொழியில் பேசச் சொல்வது அவள் வாயைக் கட்டுவது. ஒரு நாளில் பிள்ளையோடு அதிக நேரம் இருக்கும் ஆசிரியை அவள்தான்.

எங்கள் வகுப்பு என்ன செய்தது என்று நீங்கள் யாரும் வந்து பார்த்ததில்லை. எட்டு வருடத்தில் இரண்டு ஆய்வு, இரண்டும் கையெழுத்துப் பதிவேட்டோடு முடிந்தன. ஆகவே கொஞ்சம் சொல்கிறேன்.

வாசலில் ஒரு பிளைவுட் பலகை. அதில் வெல்க்ரோவில் ஒட்டிய படங்கள். கடையில் வாங்கும் ஆங்கிலப் படங்கள் வேலைக்கு ஆகவில்லை. அதிலிருக்கும் கழிப்பறையும் ரொட்டியும் எங்கள் பிள்ளைகள் பார்த்தவை அல்ல. அவரவர் பொருளையே போனில் படம் எடுத்து ஒட்டினோம். அவனுடைய சிவப்புச் செருப்பு, எங்கள் ஊஞ்சல், கை கழுவும் பச்சை வாளி, வீட்டுக்குக் கூட்டிப்போகும் ஆட்டோ. ஒரு வேலை முடிந்தால் அந்தப் படத்தைப் பிய்த்துப் பெட்டியில் போட வேண்டும். அடுத்து என்ன வரும் என்று தெரிந்தால் இந்தப் பிள்ளைகளின் பாதி அழுகை அடங்கிவிடும். "முதல்ல வாளி, அப்புறம் ஊஞ்சல்." இந்த ஒரு வாக்கியத்தை ஒரு நாளில் நூறு முறை சொல்லியிருப்பேன்.

மூடி இறுக்கிய கண்ணாடி ஜாடியில் பொரி வைத்திருப்போம். பார்க்கலாம், எடுக்க முடியாது. பொரிப் படத்தை எடுத்து நம் கையில் கொடுத்தால் ஒரு பிடி கிடைக்கும். படத்தைக் கொடுத்துப் பொருளைக் கேட்கும் இந்த முறையை 1985-இல் அமெரிக்காவில் உருவாக்கினார்கள், எங்கள் பொரிக்கும் அது நன்றாகவே பொருந்தியது. படத்தைக் கையில் கொடுப்பதற்கே 'காக்கா பற' பையனுக்கு ஐந்து வாரம் பிடித்தது. ஆறாவது வாரம் சந்தையில் பொரிக்காரர் முன்னால் நின்று, சட்டைப் பையிலிருந்த அந்தப் படத்தை எடுத்து அவர் கையில் வைத்திருக்கிறான். அவர் ஒன்றும் புரியாமல் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பொட்டலம் கட்டிக் கொடுத்துக் காசு வேண்டாம் என்றாராம்.

பிறகு, காத்திருப்பது. கேள்வி கேட்டால் மனசுக்குள் பத்து எண்ண வேண்டும். புது ஆசிரியர்களுக்கு இது மிகவும் கஷ்டம். நாலு எண்ணுவதற்குள் நாமே பதில் சொல்லிவிடுவோம்.

இப்படி நாளையே படம் போட்டுக் காட்டி வாழ்ந்த பிள்ளைகளை, ஒரு முறைகூடப் புது இடத்தைக் கூட்டிப்போய்க் காட்டாமல், புது ஆசிரியரை அறிமுகப்படுத்தாமல், ஒரு தாளை ஒட்டி மாற்றினீர்கள். பெரியவர்களுக்கு இடமாறுதல் என்றால் சேர்வதற்கு அவகாசம் உண்டு. இவர்களுக்கு அதுவும் கிடையாது. ஒன்பது பேரில் இன்று நகரத்து மையத்துக்குப் போகிறவர்கள் நாலு பேர். ஐந்து பேர் வீட்டில் இருக்கிறார்கள். ஒரு நாள் போய்வந்தால் அம்மாவின் ஒரு நாள் கூலி போகிறது, பஸ் காசு தனி. உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாளான ஏப்ரல் 2 அன்று கட்டடத்துக்கு நீல விளக்குப் போட்டிருந்தீர்கள், அழகாகத்தான் இருந்தது. எங்கள் வகுப்பைப் பூட்டி இரண்டு நாள் ஆகியிருந்தது.

சட்டமும் எங்களுக்குத் தெரியும். மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழியில் கற்பிக்க வசதி செய்ய வேண்டும் என்று அரசமைப்பின் 350அ பிரிவு சொல்கிறது. மொழிவாரி மாநிலங்கள் பிரிந்த 1956-இல், எல்லைக்கு இந்தப் பக்கம் நின்றுபோன எங்களைப் போன்றவர்களுக்காகவே சேர்த்த பிரிவு அது. சித்தூரிலிருந்து தேவிகுளம், பீர்மேடு வரை தமிழ்வழிப் பள்ளிகள் நடப்பதைப் பார்க்கிறோம். பேசத் தெரிந்த பிள்ளைக்குத் தமிழ்ப் பள்ளி உண்டு, பேசத் தடுமாறும் பிள்ளைக்கு இல்லையா? 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இலவசக் கல்வியை 6 வயதிலிருந்து 18 வரை உறுதி செய்கிறது. மூன்றிலிருந்து ஆறு வரையுள்ள பிள்ளை அங்கன்வாடித் துறைக்கும் கல்வித் துறைக்கும் நடுவே நிற்கிறான். இரண்டு அலுவலகத்திலும் 'அங்கே கேளுங்கள்' என்றே சொல்கிறார்கள். சீக்கிரம் தொடங்கினால்தான் பலன் என்று உங்கள் சுவரொட்டிகளே சொல்லும் வயது அது.

நான் கேட்பவை இவை.

ஓணம் விடுமுறை முடிந்து பள்ளி திறப்பதற்குள் எல்லையோர மையத்தில் தமிழ் வகுப்பு மறுபடி தொடங்க வேண்டும். தமிழ் பேசும் தகுதியுள்ள சிறப்பாசிரியர் ஒருவரைப் போடுங்கள். நான் வர வேண்டியதில்லை, தமிழ் தெரிந்தவர்கள் இந்தப் பக்கத்திலேயே படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கிறார்கள். அதுவரை நகரத்து மையத்தில் தமிழ்ப் பிள்ளை இருக்கும் ஒவ்வொரு பயிற்சியிலும் அவன் அம்மாவையோ தமிழ் தெரிந்த ஒருவரையோ உள்ளே உட்கார விடுங்கள். இப்போது அம்மாக்களை வெளியே பெஞ்சில் உட்கார வைக்கிறார்கள்.

ஜூன் முதல் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மலையாளத்தில் செய்த மதிப்பீடுகள் எல்லாவற்றையும் ரத்து செய்து, தமிழில் மறுபடி செய்யுங்கள். அந்தப் பையனின் பதிவேட்டில் 'கட்டளைக்குப் பதில் இல்லை' என்ற வரியை அடித்துத் திருத்துங்கள். அன்று அறைக்குள் இருந்த சாட்சியாக எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

வீட்டில் மலையாளம் மட்டும் பேசச் சொன்னதைத் திரும்பப் பெற்று, தங்கள் மொழியில் பேசலாம் என்று ஒன்பது வீட்டுக்கும் எழுத்தில் சொல்லுங்கள். வாயால் சொல்லியனுப்புவது போதாது, டீச்சர் சொன்னதை அவர்கள் லேசில் விடமாட்டார்கள். மறுபடி வகுப்பு மாறுவதாக இருந்தால் இரண்டு வாரம் முன்னதாகச் சொல்லி, பிள்ளைகளை ஒரு முறையாவது கூட்டிப்போய்க் காட்டுங்கள். எங்கள் பலகையும் படங்களும் பூட்டிய அறையில் இருக்கின்றன, அவற்றை அவரவரிடம் சேர்த்துவிடுங்கள்.

1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, இங்குள்ள தமிழர்கள் அரசுக்குத் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் பெறலாம். அந்த உரிமையில்தான் இதைத் தமிழில் எழுதியிருக்கிறேன். பதிலை எனக்கு அனுப்ப வேண்டாம். தமிழில் எழுதி, அந்தத் தாளை ஒட்டிய அதே கதவில் ஒட்டுங்கள். இந்த முறை ஒன்பது அம்மாக்களும் தாங்களே வாசிக்கட்டும்.

இப்படிக்கு,
எல்லையோர மையத்தின் முன்னாள் சிறப்பாசிரியை